கொடுப்பவரும் வாங்குபவரும்

"நாற்காலி, மேஜை, உப்புத் தராசு, சுவர்க்கடிகாரம் எல்லாத்தையும் கழகத்து அதிகாரி எடுத்துக்கிறாராம். உன்னைத்தான் வேண்டாங்கறார்ம்மா," என்றார் உப்பு வாரியத்து மேலாளர், வருத்தமாக.

அப்பலநரசம்மா இடுப்பில் குடத்தோடு நின்றாள். அந்த ஸ்ரீகாகுளம் அலுவலகத்துக்குத் தண்ணீர் சுமந்தே தலை நரைத்தவள். இன்று மாலையோடு வாரியம் கலைகிறது. அதன் சொத்தும் பொறுப்பும் புதிய கடலோரக் கழகத்துக்குப் போகின்றன. அதற்குள் கழகம் அவளை ஏற்றுக்கொண்டால் வேலை உண்டு. இல்லாவிட்டால் நாளை முதல் குடம் மட்டும்தான் அரசாங்கச் சொத்து.

"கடிகாரத்தைவிடவா நான் மட்டம், பாபு? அது ஓடியே பல வருஷமாச்சு."

"அதுக்குச் சம்பளம் தரவேண்டாமே. உனக்காக நானும் எழுதி எழுதிப் பார்த்துட்டேன். அந்த ஆளு கல்நெஞ்சன்ம்மா."

"நேர்ல ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"கொடுக்கறவன் வாங்கறவன்கிட்ட வாயால பேசறதுக்கு வழியே கிடையாது. எல்லாம் எழுத்துலதான்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நடையைத் தாண்டி, எதிரே இருந்த கழகத்து அறைக்குப் போனாள். அங்கே வரவேற்பே வேறு.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

"நான்தான் பாபு, அப்பலநரசம்மா. என்னையும் எடுத்துக்கோங்க. கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"உன்னைப் பத்தி அந்த வாரியத்து ஆளு பக்கம் பக்கமா எழுதியிருக்கான். தங்கமானவளாம், நாணயமானவளாம். அவ்வளவு நல்ல வேலைக்காரியை எவனாவது விட்டுக்கொடுப்பானா? எங்கியோ இடிக்குது."

"அவரைத் தப்பா நினைக்காதீங்க. மனசு வெண்ணெய்."

"உனக்கு என்ன தெரியும்? அவனைச் சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன். எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு, தான் நல்ல பேர் வாங்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப அவரைக் கூப்பிட்டு வெச்சுப் பேசுங்க பாபு."

"கொடுக்கறவன்கிட்ட வாங்கறவன் எப்படிம்மா பேசறது? போ, போ."

அப்பலநரசம்மா வெளியே வந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அழலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அழுதாலும் எந்த அறையில் போய் அழுவது என்று தெரியவில்லை. பிறகு விறுவிறுவென்று தெருவைக் கடந்து சிம்மாசலத்தின் சவரக்கடைக்குள் நுழைந்தாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. அதைக் கழகத்து மேஜை மேல் நிறுத்தி, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசி முடிச்சிடுங்க, பாபு."

காலையில் வாரியத்தையும் மதியத்துக்குமேல் கழகத்தையும் பார்த்துக்கொள்ளும்படி அரசாங்கம் போட்டிருந்த அந்த ஒரே அதிகாரி, கண்ணாடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, பாவம் அந்தம்மா, எடுத்துக்கலாமே," என்றார் தணிந்த குரலில். கண்ணாடியில் இருந்தவர் தலையாட்டியதும், அவர் மனம் மாறுவதற்குள் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.