ஏழாம் மாடிக்கு ஒரு வழி

இதில் ஒரு சொல் புளுகென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

ஆறு மாடி மருத்துவமனை அது. அதன் ரூட்டர்களில் எந்தத் தகவல் எந்த வழியில் போகவேண்டும் என்பதை ஒரு கருவி எழுதும். நெட்வொர்க்குக்காரர் எதையும் முதலில், நிஜத்தில் ஒன்றும் மாறாதபடி, அந்தக் கருவியில் ஒத்திகை பார்ப்பார். தவறான வழி அழிந்தால் அவசரப் பிரிவுத் தொலைபேசி ஊமையாகிவிடும். அன்றைய ஒத்திகையில், இருக்கவேண்டிய வழிகளின் பட்டியலில் இல்லாத ஒரு வழி தெரிந்தது, ஏழாம் மாடிக்கு.

"அழிச்சிடவா அக்கா?" என்று மேலாளரைக் கேட்டார்.

"அந்த வழியில ஏதாவது அனுப்பி, பதில் வருதான்னு பாருப்பா."

வந்தது.

"அப்ப தொடாதே. யாரோ குடியிருக்காங்க."

அவருக்குக் குறுகுறுப்பு விடவில்லை. ஒத்திகை எதையும் மாற்றாது என்ற தைரியத்தில், அதிலேயே 'அழி' கொடுத்தார். "ஒரு வழி நீக்கப்படும்" என்றது கருவி. உடனே மேசைத் தொலைபேசி அடித்தது.

"ஒத்திகைதானே, ராசா?" என்றது ஒரு குரல், கெஞ்சலாக.

"ஒத்திகைதாங்க," என்றவர், அந்த வழியையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மருத்துவமனைக்கு அடுத்த மாதம்தான் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.