காளானின் அடிப்பக்கம்

“ஏலே ராஜபாண்டி, ஒரே காளானையே ரெண்டு இடத்துல போட்டு வச்சிருக்க! நாளையிலருந்து வேலைக்கு வராதலே.”

சிவகாசி அச்சகத்தில் முதலாளி ஜெயச்சந்திரன் கத்தினார். அது வெளிநாட்டுக் காளான் புத்தகம். சான்டரெல் காளானில் ஒரு வகைக்குக் குடையின் அடியில் மடிப்புகள் இருக்கும், இன்னொரு வகை வழவழப்பாக இருக்கும் என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அச்சில் இரண்டுமே வழவழப்பு.

“எனக்கு வந்த படத்தத்தான் போட்டேன் மொதலாளி,” என்றான் ராஜபாண்டி.

படங்களைச் சரிசெய்து கொடுக்கும் ஞானசுந்தரி, அவனுக்குப் பரிந்து, கம்ப்யூட்டரில் மூலப்படத்தைத் திறந்தாள். முதல் காளானில் மடிப்புகள் தெளிவாக இருந்தன. பேசாமல் மூடிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டாள்.

“நாந்தான் அழிச்சேன் மொதலாளி. கை தானா போயிருச்சு.”

“காளான்ல என்னத்தம்மா அழிச்ச?”

“சுருக்கத்த. படம்னு வந்தா மொதல்ல சுருக்கத்த எடுன்னு நீங்கதான சொல்லுவீக? கம்பெனி காலண்டருக்கு ஒங்க மூஞ்சியில எடுத்த மாதிரியே எடுத்துட்டேன்.”

ராஜபாண்டி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். முதலாளி கன்னத்தைத் தடவினார்.

“நீ போய் வேலையப் பாருலே,” என்று அவனை அனுப்பிவிட்டு, ஞானசுந்தரியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“காளானுக்கு மட்டும் திரும்பப் போட்டுரும்மா.”