பின்வாசல் காவல்

கிறிஸ்துமஸ் காலையில் அதிகாரிகளே சிப்பாய்களைத் தேடிவந்து ரம் கலந்த தேநீர் ஊற்றுவது எங்கள் படை வழக்கம். அன்று கிண்டலுக்குத் தண்டனை கிடையாது.

"முப்பத்தாறு வருஷத்துல நீங்க பண்ண உருப்படியான வேலை இதான் சார்," என்றான் சிப்பாய் டக்வொர்த். ஓய்வுபெறவிருந்த ஜெனரல் பெல்லிங்ஹாமும் சிரித்தார்.

பிறகு முகாமின் பின்வாசலுக்கு நடந்தார். கெட்டிலோடு நானும் போனேன். ஜெனரல் இளம் லெப்டினன்டாக இருந்தபோது, "நான் வர்ற வரைக்கும் நில்லு" என்று ஹிக்ஸ் என்ற சிப்பாயை அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டு மறந்துபோனார். அவன் பனியில் விறைத்துச் செத்தான். அதன்பின் அங்கே காவல் போடுவதில்லை.

ஹிக்ஸ் நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது வயது. சல்யூட் அடித்துவிட்டுத் தேநீரை வாங்கிக் குடித்தான்.

"நான் வந்துட்டேன் ஹிக்ஸ். நீ போகலாம்ப்பா."

அவன் ஜெனரலின் நரைத்த மீசையையும் பதக்கங்களையும் மரியாதையாகப் பார்த்தான்.

"மன்னிக்கணும் சார். லெப்டினன்ட் சார்தான் வந்து சொல்லணும்."