கயிற்றின் இந்த முனை

நெஞ்சுதான் முதலில் போனது.

அவள் அனுப்பவில்லை. அதுவே போனது. தலை தாழ்ந்து, தோள் சரிந்து, ஓட்டம் முடியும் வெள்ளைக் கோட்டுக்கு மேலே. பழைய நாட்களில் போனதுபோலவே.

அரை அடி பின்னால் ஜெசிந்தா வந்தாள்.

அவளுடைய இடது மணிக்கட்டும் ஜெசிந்தாவின் வலது மணிக்கட்டும் ஒரு சாண் கயிற்றில் சேர்ந்திருந்தன. ஜெசிந்தாவுக்குக் கண் தெரியாது. போட்டி ஜெசிந்தாவுடையது. கூட ஓடும் அவள் வெறும் துணை. வளைவு வந்தால் வளைவு என்று சொல்ல வேண்டும். தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோட்டை ஜெசிந்தாதான் முதலில் கடக்க வேண்டும். துணைக்கு ஓடுபவள் முந்திவிட்டால் ஓட்டம் செல்லாது.

இந்த விதியை ஜெசிந்தாவுக்குப் படித்துக் காட்டியதே அவள்தான்.

கோட்டருகே நின்ற நடுவர், விதி மீறப்பட்டது என்று மஞ்சள் கொடியை உயர்த்தினார்.

ஜெசிந்தாவுக்கு அது எப்படித் தெரியும்? குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கயிறு, பக்கத்தில் நின்ற அவள் கையையும் கீழே இழுத்தது.

முதலில் வருபவளுக்கு மட்டும்தான் டெல்லியில் நடக்கும் தேசியப் போட்டி.

மின்வாரிய அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசி எடுக்கிறவள் ஜெசிந்தா. விடியும் முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவாள். போன வருடம் துணைக்கு வருவதாகச் சொன்ன பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. ஜெசிந்தா ஷூவைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறித் திரும்பியிருக்கிறாள்.

இந்த வருடம் துணைக்குக் கிடைத்தவள் ஒரு காலத்தில் நாட்டுக்காக ஓடியவள். பேப்பரில் படம் வந்தவள். ஜெசிந்தா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் படங்கள் எதிலும் அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக ஓடிய பெரிய ஓட்டத்தில் மூன்றாம் இடம் ஒரு நூலிழையில் போனது. கோட்டில் நெஞ்சை முன்னால் கொடுக்கத் தெரியவில்லை உனக்கு என்றார் பயிற்சியாளர். ரயிலில் திரும்பும்போது அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஊர் வந்த பிறகு வேறு எதையும் அவர் சொல்லித்தரவும் இல்லை.

கோடு. நெஞ்சு. கோடு. நெஞ்சு. மறுபடியும் வா.

ஒரு நாள் காலையில் ஷூவைப் பார்த்ததும் குமட்டியது. அத்தோடு விட்டாள்.

துணைக்குத்தானே என்று கூப்பிட்டபோது சரி என்று தோன்றியது. அதில் ஆசைப்பட ஒன்றுமில்லை. யாரும் துணையைப் பார்க்கப்போவதில்லை.

ரேஷன் கடைக்குப் போகிற மாதிரியே ஓடி வருகிறீர்கள் என்று ஜெசிந்தா கிண்டல் செய்வாள். அவள் வளைவு, என்பாள். நேர், என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

இன்றும் அப்படித்தான் கிளம்பினாள்.

இரண்டாவது வளைவில், சொல்வதற்கு வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போனது.

பள்ளிக்கூட மணி அடித்ததும் பையை மார்போடு கட்டிக்கொண்டு ஓடும்போது வாய்க்குள் போகுமே, அந்தக் காற்று. அப்போது யாரும் துரத்தவுமில்லை, யாரையும் முந்தவும் வேண்டியதில்லை.

அவள் சிரித்தாள். சத்தமாகவே.

அந்த நொடியில் ஜெசிந்தா வேகம் பிடித்தாள். எந்தப் பயிற்சியிலும் காட்டாத வேகம். அவளும் கூடவே போனாள். கயிறு இருப்பதே தெரியவில்லை. நாலு காலும் ஒரே காலாகத் தரையைத் தட்டின. வெயில் இல்லை. கூட்டம் இல்லை. ஜெசிந்தாவும் இல்லை.

ஆமாம். ஜெசிந்தாவும் இல்லை.

பிறகு கோடு வந்தது. நெஞ்சுக்கு அது ஞாபகம் இருந்தது.

மைதானத்து ஓரப் பந்தலுக்குள் மேசையருகே இரண்டு அதிகாரிகள் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். கொடி இறங்கவில்லை.

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொடை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு சுற்று போகலாமே என்றது. ஒருத்தியின் டெல்லியைத் தட்டிவிட்ட பிறகும் அந்தக் கால்கள் சந்தோஷமாக இருந்தன.

அதுதான் கூசியது.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். விதிப்படி கட்டியிருந்த கறுப்புக் கண்கட்டை இடது கையால் நெற்றிக்கு ஏற்றினாள்.

"அக்கா, நடுவுல யாரோ சிரிச்சாங்க. பக்கத்துத் தடத்துல ஓடுறவ நெருங்கிட்டான்னு பயந்துதான் அப்படி ஓடினேன். யாருக்கா அது?"

இத்தனை மாதமாகப் பக்கத்திலேயே ஓடியிருக்கிறாள். அவள் சிரித்து ஜெசிந்தா கேட்டதே இல்லை.

அவள் கொடியையே பார்த்தாள்.

"சரி விடுங்க, யாரா இருந்தா என்ன. நாமதானே முதல்?"

அவளுக்கு முகம் எரிந்தது. இரண்டு கைகளும் முகத்தை மூடப் போயின.

கயிறு ஜெசிந்தாவின் கையையும் சேர்த்துத் தூக்கியது.

ஜெசிந்தா அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாள். கையை இன்னும் மேலே, முழங்கை நிமிர, எட்டும் மட்டும் உயர்த்தினாள். அவளுடைய இடது கையும் முகத்தை விட்டுக் கூடவே போனது.

பந்தலில் மின்வாரிய அலுவலகத்து ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெசிந்தா சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கொடி பிடித்தவர் புல்லைத் தாண்டி இவர்களை நோக்கி நடந்து வந்தார்.

அவர் வந்து சேர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

அவள் கையை இறக்கவில்லை.