ஜன்னலோர மேசை

1962, பேய் வேடம் போடும் ஹாலோவீன் நாள். அமெரிக்காவின் அலபாமாவில் வெண்டலின் உணவகத்துக்குள் பேய் முகமூடியும் கையுறையுமாக நுழைந்தார் பாடகர் லூசியஸ். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது அவருடைய பேய்ப் பாட்டு. இசைத்தட்டின் உறையிலும் அந்த முகமூடிதான்.

"வாங்கண்ணே, உங்க பாட்டைப் போடாம ஒரு நாளும் கடை திறக்கிறதில்ல," என்று ஜன்னலோர மேசையைத் துடைத்துவிட்டான் வெண்டல்.

லூசியஸ் முகமூடியின் வாய் ஓட்டையில் ஸ்ட்ராவை விட்டு மில்க்‌ஷேக் குடித்தார்.

"நாளைக்கு முகமூடி இல்லாம வாங்கண்ணே. எம் பொண்டாட்டி உங்க முகத்தைப் பாக்கணுமாம்."

"வந்தா இதே மேசை கிடைக்குமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? இனிமே இது உங்க மேசை."

மறுநாள் லூசியஸ் வெறும் முகத்தோடு போனார். உள்ளே அவர் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெண்டல் வாசலிலேயே மறித்தான்.

"கறுப்பனுங்களுக்குப் பின்பக்க ஜன்னல்லதான்னு தெரியாதா? தள்ளி நில்லு, பாட்டுக்காரர் வர்ற நேரம்."