நாற்பத்தொரு மணி நேரம்

ரெக்கார்டு நோட்டைப் பிரித்ததும் நெட்டையனின் கை அப்படியே நின்றுவிட்டது. நான்காக மடித்த நீலச் சீட்டு ஒன்று மறுபடியும் உள்ளே இருந்தது.

"நேற்று மதியம் சொல்லாமல் போய்விட்டாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்காதே. நான் பார்த்தேன்."

பெயர் இல்லை. ஆய்வக மேசையில் நாள் முழுக்கக் குவிந்து கிடக்கும் நோட்டுகளில் யார் வேண்டுமானாலும் எதையும் செருகிவிட்டுப் போகலாம்.

"காதல்தான்டா, சந்தேகமே இல்ல," என்றான் தடியன். விடுதியில் நெட்டையனோடு ஒரே அறையில் இருப்பவன். அடுத்தவன் காதல் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "ஆனா கொஞ்சம் முத்தின கேஸ் மாதிரி தெரியுது."

"எனக்கு பயமா இருக்குடா."

"பயப்படறவன் எதுக்குடா தலைய வாரிக்கற?"

நெட்டையன் சீப்பைப் பைக்குள் போட்டான். பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. இருபது வயது வரை அவனை யாரும் இப்படித் தேடியதில்லை.

மூன்றாம் நாள் வந்த சீட்டு தடியனையே திடுக்கிட வைத்தது. "இந்தப் பருவத்தில் நீ இல்லாமல் போனது நாற்பத்தொரு மணி நேரம். ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கிறேன். இனி ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டேன்."

"மணிக்கணக்கா எண்ணுறாளாடா?" என்றான் தடியன். "எங்கம்மாகூட என்னை அப்படி எண்ணினதில்ல."

எழுதியவள் வகுப்பில்தான் இருக்கிறாள் என்பது உறுதியாகிவிட்டது. அவளைப் பிடிக்க ஒரே வழி, வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுதான். திங்கட்கிழமை முதல் மணிக்கே நெட்டையன் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, பாடம் நடத்தவந்த பேராசிரியர் தப்பான வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று வாசலுக்கே திரும்பிப் போனார்.

வரிசை வரிசையாகத் தேடினான். ஒருத்தி கொட்டாவி விட்டாள், ஒருத்தி தூங்கினாள். நான்காவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பினால் கண்ணைத் தாழ்த்தினாள், அவன் எழுந்தால் அவளும் எழுந்தாள்.

அன்று மாலை நூலகத்தில் புத்தக இடுக்கு வழியே பார்த்தான். மறுபக்கம் அதே கண்ணாடி. வெளியே நின்ற தடியனிடம் ஓடினான்.

"போய்க் கேட்டுடு," என்றான் தடியன்.

"கத்தி கித்தி வெச்சிருந்தா?"

வராந்தாவில் துறை அலுவலகக் கிளார்க் அம்மா வந்துகொண்டிருந்தார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா காலியாகிவிடும். நெட்டையன் பழக்கதோஷத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவர் நிற்கவில்லை, அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அப்பாவின் போன் வந்தது. அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்று நிறையப் பேசினார்.

"போன வருஷம்தான் நீ வகுப்புக்குப் போகலேன்னு, பரீட்சை எழுத விடாம திருப்பி அனுப்புனாங்க. இந்த வருஷமும் அப்படின்னா பெட்டியைக் கட்டிட்டு வந்துடு. பட்டறையில உனக்கும் ஒரு மெஷின் இருக்கு."

நெட்டையனுக்கு அந்தப் பட்டறையில் அப்பா இழந்த இரண்டு விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. இருந்தாலும் அன்று தூங்கும் வரை அவன் நினைத்தது அந்தச் சீட்டுக்காரியைத்தான்.

வாரங்கள் ஓடின. ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். மறுநாளே சீட்டு வந்துவிட்டது: "காய்ச்சலா, நடிப்பா? எதுவானாலும் எனக்குத் தெரிந்துவிடும்." அதற்கப்புறம் தலைவலி என்று சொல்லக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பருவத்தின் கடைசி வாரம் வந்த சீட்டில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. "இனி எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி. பழைய ஆய்வகம். தனியாக வா. யாரிடமும் சொல்லாதே."

"போகாதடா," என்றான் தடியன். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போகலேன்னா அவ யாருன்னு தெரியாமலே போயிடும்டா. அஞ்சு மணிக்குள்ள நான் வரலேன்னா, அப்பாவுக்கு நீ போன் பண்ணு."

பழைய ஆய்வகம் கட்டடத்தின் கடைசியில் இருந்தது. உடைந்த குடுவைகளும் ஓடாத மின்விசிறிகளும் போட்டுவைக்கும் இடம். ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. நெட்டையன் உள்ளே கால் வைத்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, பலர்.

கண் பழகியபோது பார்த்தான். சுவரோரமாகப் பையன்களும் பெண்களுமாகப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீலச் சீட்டு.

கண்ணாடிக்காரி அவன் முன்னால் வந்தாள். கையிலிருந்த சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்கதானா? ரெண்டு மாசமா தூக்கம் இல்லாம பண்ணினது நீங்கதானா?"

"நானா? எனக்கு எழுதினது நீங்க இல்லையா?"

உள்ளறையில் சாவி திரும்பியது. அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு பேரும் ஒளிய இடம் தேடினார்கள்.

விளக்கு எரிந்தது. கிளார்க் அம்மா நின்றிருந்தார். கக்கத்தில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், ஒரு கையில் பாதி தீர்ந்த நீலச் சீட்டுக்கட்டு, மறு கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டு.

"எல்லாரும் எழுபத்தஞ்சு சதவீதம் தாண்டிட்டீங்க, வரிசையா வந்து ஹால் டிக்கெட் வாங்கிக்குங்க!"