பதினைந்தாவது மட்டை

கோல்ஃப் பையில் பதினான்கு மட்டைகள்தான் இருக்கலாம். ஆட்டத்தின் சட்டம் அது. பதினைந்தாவதாக ஒரு புது இரும்பு மட்டை வந்தது. அதே வேலையைப் பார்த்துவந்த பழைய மட்டை வெளியேற வேண்டும், இல்லையென்றால் புதுசு கடைக்குத் திரும்ப வேண்டும்.

பழசு ஒல்லித் தகடு. புதுசைப் பார்த்து, "உன் முதுகை ஏம்ப்பா தோண்டி வச்சிருக்காங்க?" என்றது.

"எடையை ஓரத்துக்குத் தள்ளியிருக்காங்க, அண்ணே. பந்து எங்க பட்டாலும் நேராப் போகும். உங்ககிட்ட நடுவுல படலேன்னா கை விண்ணுனு வலிக்குமாமே?"

"ஆமா. தப்பா அடிச்சா தெரியணும்ல."

ஆட்டக்காரர் செல்வநாதன் இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பார்த்தார். புதுசில் அடித்த பத்தும், கோணல் அடிகள் உட்பட, புல்வெளியில் விழுந்தன. நல்ல வேலைப்பாடு, சும்மா சொல்லக்கூடாது. பழசில் ஒன்பது பந்து எதிரே இருந்த குளத்துக்குள் போயிற்று. பத்தாவது நடுவில் பட்டது. அது குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் இறங்கும்வரை அவர் மட்டையோடு தூக்கிய கையை இறக்கவில்லை. பிறகு சிரித்தார்.

புது மட்டை பைக்குள் போனது. போகும்போது கேட்டது: "அண்ணே, என் பத்துக்கும் அவர் அப்படிச் சிரிக்கலையே. என்ன செஞ்சீங்க?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்? அடிச்சது அவரு."

செல்வநாதன் பையைத் தோளில் மாட்டினார். பழசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.